களர் நிலத்தில் ஒரு ஏக்கர்

ஜூன் 9, திங்கள்

துவாக்குடியில் கொட்டகைச் சாவி இன்று கைக்கு வந்தது. முப்பதுக்கு இருபது அடி, தகரக் கூரை, ஒரு மின்விசிறி. உள்ளே போனதும் முதல் வேலையாகச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினேன்: ஜியோ ரிவைவ் 7. ஏழு என்பது ஏழாவது கலவை. முந்தைய ஆறைப் பற்றி எழுத இப்போது நேரமில்லை.

பக்கத்துப் பட்டறைக்காரர் ஜாகிர் உசேன் எட்டிப் பார்த்தார். கையெல்லாம் கிரீஸ்.

“என்ன மருந்தும்மா இது?”

“மண்ணுக்குங்க.”

“மண்ணுக்கு என்ன சீக்கு?”

சொன்னேன். களர். வெயிலில் வெளுத்து உப்புப் பூக்கும், மழையில் சோப்புப் போட்டதுபோல வழுக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது, வேரும் இறங்காது. சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வருவது. ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும். அதோடு கல்லுடைக்கும் ஆலையில் வீணாகும் பாறைத்தூளையும் சேர்க்கிறேன், பயிருக்கு வேண்டிய மற்ற தாதுக்களுக்காக. கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப கல்லக் கல்லாலயே வைத்தியம் பண்றீங்க” என்றார். நான் ஏழு வருடம் சிமென்ட் ஆலைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். இப்படி ஒரு வரியில் முடிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

ஜூன் 14, சனி

முத்தாளம்பட்டி உழவர் குழுக் கூட்டம். தலைவர் சுப்புரத்தினம் நான் அச்சடித்துக்கொண்டுபோன தாள்களை மடித்து விசிறிக்கொண்டார். ஆனாலும் நியாயமான மனிதர். “ஒரு ஏக்கர் தர்றோம். சம்பா முடியட்டும். இருவது மூட்டை தாண்டுச்சுன்னா குழு மொத்தமும் ஒங்க மருந்த எடுத்துக்கும். தாண்டலன்னா அதுக்கப்பறம் எங்கள வந்து தொந்தரவு பண்ணக் கூடாது” என்றார். அந்த ஏக்கரில் போன சம்பாவில் ஒன்பது மூட்டைதான் வந்ததாம்.

“இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் போட்டுப் பாத்திருக்கீங்களா?” என்று யாரோ கேட்டார்கள்.

மேலக்கொத்தூரில் ஓர் ஏக்கர் போட்டோம், மழை கெடுத்துவிட்டது என்றேன். உண்மைதான். அந்த வருடம் மழை அதிகம்.

ஜூன் 17, செவ்வாய்

வயலைப் பார்த்தேன். அருள்சாமி, சகாயமேரி தம்பதியின் நிலம். அருள்சாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அதிகம் பேசுவதில்லை. வயலைக் கவனிப்பது சகாயமேரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினோரு பெண்கள் கொண்ட நடவுக் குழுவுக்கு அவர்தான் தலைவி.

ஒரு மூலையில் காலை வைத்ததும் மேல்மண் வறுத்த அப்பளம்போல நொறுங்கியது. அடியில் கல். மீட்டரில் கார அளவு ஒன்பது புள்ளி நான்கு. எட்டரைக்கு மேல் போனாலே பயிர் திணறும்.

“நம்பர் நல்லாருக்கா மேடம்?” என்றார் சகாயமேரி.

“ரொம்ப மோசம்.”

“அது தெரியும். ஒங்களுக்கு நல்லாருக்கான்னு கேட்டேன்.”

என்ன கேட்டார் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. மோசமான நிலம்தானே எனக்கு வேண்டியது.

ஜூன் 26, வியாழன்

அரை மூட்டைத் தூளை ஓர் ஓரத்தில் இறைத்துக் காட்டச் சொன்னேன். ஆடி வருவதற்குள்ளேயே காற்று பிடுங்குகிறது. இறைத்த தூளில் பாதி பக்கத்து வயலுக்கும் மீதி நடவுக் குழுப் பெண்களின் கண்ணுக்கும் போனது. நாலு பேர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஏக்கருக்கு ரெண்டு டன்னையும் இப்பிடியே எறைக்கணும்னா ஒருத்தியும் வர மாட்டா. நானும் வர மாட்டேன்” என்றார் சகாயமேரி. “யூரியா மாதிரி குருணையா வந்தா கையில எடுத்து வீசிட்டுப் போயிரலாம்.”

ஊருக்குத் திரும்பும் வழியில் நன்றாக யோசித்து, தூளைக் குருணையாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜூலை 3, வியாழன்

ஜாகிர் பாய் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியின் வட்ட மூடியைச் சாய்வாக நிறுத்தி மோட்டார் மாட்டித் தந்திருக்கிறார். தட்டு சுற்றும்போது தூளைப் போட்டு மேலே நீர் தெளித்தால் உருண்டு உருண்டு மணியாகும். ஆக வேண்டும். இன்று வந்தது களி.

ஜூலை 11, வெள்ளி

வந்துவிட்டது. மிளகு அளவில் ஒரே சீராக, சாம்பல் நிறக் குருணை. தரையில் கொட்டினால் சலசலவென்று ஓடுகிறது. செருப்புக் காலால் மிதித்தாலும் உடையவில்லை. ஜாகிர் பாய் ஒன்றை எடுத்துச் சுவரில் எறிந்து பார்த்தார். சுவர்தான் பெயர்ந்தது.

அக்கா சென்னையிலிருந்து பேசினாள். அவள் கம்பெனியில் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம், ஜனவரியில் சேர வேண்டுமாம். “ஒனக்குச் சரியா வரும் தில்லை” என்றாள். “சொல்றேன்” என்றேன்.

ஜூலை 12, சனி

ஒரு கைப்பிடிக் குருணையைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

மூன்று நாள் ஆகியும் கரையவில்லை. சகாயமேரி தன் பெண்ணைக் கல்லூரியில் விட்டுவிட்டு வழியில் கொட்டகைக்கு வந்தவர், தொட்டியில் கைவிட்டு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“எத வச்சு ஒட்டுனீங்க?”

“கொஞ்சம் சிமென்ட்.”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஜாகிர் பாயிடம் அந்த நாகரிகமெல்லாம் இல்லை.

ஏழு வருடம் சிமென்ட் ஆலையில் இருந்தவளுக்கு ஒட்டுவதென்றால் வேறென்ன தோன்றும்?

ஜூலை 20, ஞாயிறு

கையாளும்போது உடையக் கூடாது. தண்ணீர் பட்டால் உடைய வேண்டும். களிமண், வெல்லப்பாகு, மைதாப் பசை. களிமண் உதிர்கிறது. வெல்லப்பாகுக்கு எறும்பு வரிசை கட்டுகிறது.

முத்தாளம்பட்டிக்குப் போயிருந்தபோது திடீர் மழை. சகாயமேரி பூசைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். கஞ்சி போட்டு விறைப்பாக இருந்த நூல் புடவை, வீட்டுக்குள் வருவதற்குள் உடம்போடு ஒட்டித் துவண்டுவிட்டது. “காலையில பலகை மாதிரி நின்னுச்சு” என்று சலித்துக்கொண்டே பிழிந்தார்.

நான் குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினேன். இதை நானே கண்டுபிடித்தேன் என்று எழுதுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

சேலத்து ஜவ்வரிசி ஆலையிலிருந்து மரவள்ளி மாவு, மூன்றாம் தரம். கஞ்சியாகக் காய்ச்சித் தெளித்தோம். காய்ந்த குருணை மூட்டையில் குதித்தாலும் உடையவில்லை. தண்ணீரில் போட்டேன். நாற்பது நிமிடத்தில் பூவாக விரிந்து கலங்கிப்போனது.

ஜாகிர் பாய் இரண்டாவது தடவையும் போடச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பத்தெட்டு நிமிடம். “இன்ஷா அல்லா, இது போவும்” என்றார். போய் இரண்டு பேருக்கும் டீயும் பருப்பு வடையும் வாங்கிவந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வாய்க்காலில் தண்ணீர் வரும் வாரம். முறையைச் சகாயமேரியிடம் விளக்கினேன். வரப்பை உயர்த்தி உழுது, குருணையை வீசி, அரை அடித் தண்ணீர் கட்ட வேண்டும். சோடியம் கரைந்து வரும்.

“வந்து?”

“வந்து போய்விடும்.”

“தண்ணி எங்கம்மா போவும்?”

மண் குடித்துக்கொள்ளும் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. கொட்டகையைப் பெருக்கினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேலக்கொத்தூர் போனேன். இரண்டு வருடமாக அந்த ரோட்டில் போகும் பஸ்ஸைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போகும் பஸ்ஸில்தான் ஏறுவேன். இன்று ஏறிவிட்டேன்.

அங்கே எனக்கு அந்த ஏக்கரைக் கொடுத்த பொன்னுரங்கம் வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். “வாங்க” என்றார். நாற்காலி போடவில்லை.

இங்கே எழுதிவிடுகிறேன். மழை கெடுக்கவில்லை. தண்ணீர் எங்கே போகும் என்று பொன்னுரங்கமும் கேட்டார், இதே வார்த்தைகளில். மண் குடித்துக்கொள்ளும் என்றேன். பெங்களூரில் ஒரு போட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தூளைப் போட்ட மூன்றாம் நாள் ரயிலேறினேன். அங்கே அவருடைய வயலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிக் கைதட்டலும் கேடயமும் வாங்கினேன். நாற்பது நாள் கழித்து வந்து பார்த்தபோது நாற்று மொத்தமும் அழுகிப்போயிருந்தது. அவர் வீட்டுக்குள் போகவில்லை. வரப்பிலிருந்தே போனில், மழையால் பாதிப்பு, வருந்துகிறேன் என்று அனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

“தப்பு என் மேலதாங்க. மழை மேல இல்ல” என்றேன் இன்று.

அவர் குழையைக் கட்டி முடித்தார். “பயிர் போனது பெருசில்லைங்க. அது வருசா வருசம் போறதுதான். நீங்க வந்து என்னாச்சுன்னு பாப்பீங்கன்னு ரெண்டு மாசம் வயல உழுவாமப் போட்டிருந்தேன்.”

 “இப்பப் பாக்கலாமா?” என்று மட்டும் கேட்டேன்.

யோசித்தார். உள்ளே போய்க் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துவந்தார். மாறி மாறித் தோண்டினோம். ஒன்றரை அடியில் கடப்பாரை கணீரென்றது. தார் போட்டதுபோல இறுகிய ஒரு படுகை. அதற்குச் சற்று மேலே மண்ணில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். விரலால் தேய்த்துப் பார்த்தேன். என் ஜிப்சம்தான். இரண்டு வருடமாகப் போக வழியில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது.

“மருந்து அப்படியே கெடக்கு” என்றார் குனிந்து.

“மருந்துல கோளாறு இல்லைங்க. வடிகால் வெட்டாம விட்டுட்டேன்.”

“அதத்தான் அன்னைக்குக் கேட்டேன்.”

கிளம்பும்போது அவர் மனைவி சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். எப்போது பஸ் ஏறினேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சகாயமேரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெங்களூர் உட்பட. கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். “சரி. இப்ப வாய்க்கா எந்தப் பக்கமா வெட்டணும்?” என்றார்.

வயல் சரிவது கிழக்கே. கிழக்கே அருள்சாமியின் அண்ணன் சவரிமுத்துவின் வயல், அதைத் தாண்டினால் ஓடை. அண்ணனும் தம்பியும் ஒரு வரப்புத் தகராறில் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. கோயிலில்கூட ஆளுக்கொரு பக்கம் நிற்பார்களாம்.

பூசை முடிந்து வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு சவரிமுத்து வீட்டுக்குப் போனார். அருள்சாமி லோடு ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

“மாமா, ஒங்க வயல்லயும் மேக்கால ஓரம் வெளுத்துதான் கெடக்கு. எங்க தண்ணி போற வழியில ஒங்க தண்ணியும் போவும். ரெண்டரை அடி ஆழம், ஒரு முழம் அகலம். மண்ண ஒங்க பக்க வரப்புலயே போட்டுக்கங்க.”

சவரிமுத்து என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணு சொல்றது நடக்குமா?”

“நடக்கும்” என்றேன். பிறகு, “ஒரு தடவ நடக்கல. ஏன் நடக்கலன்னு இப்பத் தெரியும்” என்றேன். இதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரி. ஆனா அவன் வந்து கேக்கட்டும்.”

சகாயமேரி எழுந்திருக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. புடவை ஓரத்தில் பிரிந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். ஆட்டோக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அருள்சாமி வந்து படிக்குக் கீழே நின்றார்.

“அண்ணே” என்றார். 

“சாப்ட்டியா?” என்றார் சவரிமுத்து.

இப்படித்தான் வடிகாலுக்கு வழி கிடைத்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாலு நாளில் வாய்க்கால் வெட்டி, அடிப்படுகையையும் உளிக்கலப்பையால் கீறிவிட்டோம். இன்று குருணை வீசினோம். பதினோரு பெண்களும் முந்தானையில் மடி கட்டி, வரிசையாக நடந்து வீசினார்கள். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை. இரண்டு டன் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது.

“பேரு என்னது இதுக்கு?” என்று கேட்டாள் ஒரு பெண்.

சொன்னேன்.

“அது வாயில நொழையல. கல்லுக்குருணைன்னு வைங்க” என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இரண்டு நாள் தண்ணீர் கட்டி இன்று மடையைத் திறந்தோம். டீத் தண்ணீர் நிறத்தில் நுரையோடு ஓடியது. ஒரு குப்பியில் பிடித்து, பரிசோதனைச் சொட்டு மருந்தை விட்டேன். ரோஸ் நிறம், அப்படி ஓர் அடர்த்தி.

“அய்ய, கோயில் திருவிழாவுல விக்கிற சர்பத்து” என்றார் சகாயமேரி.

“இதுதாங்க்கா ஒங்க வயல்ல இருந்த காரம். வெளிய போவுது.”

குப்பியை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். அவரை நான் அக்கா என்று எப்போதிலிருந்து கூப்பிடுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

மூன்று தடவை கட்டி வடித்தாயிற்று. முதல் தடவை அடர்ந்த ரோஸ், இரண்டாவது வெளிறிய ரோஸ், இன்று நிறமே இல்லை. மூன்று குப்பிகளையும் அக்கா தன் வீட்டு ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறார். வருகிறவர் போகிறவரெல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். கார அளவு எட்டு புள்ளி எட்டு. இன்னும் இறங்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

நடவு. களரைத் தாங்கும் ‘திருச்சி 3’ என்ற நெல் ரகம். நானும் இறங்கி இரண்டு வரிசை நட்டேன். அக்கா வந்து அந்த இரண்டு வரிசையையும் பிடுங்கி மறுபடி நட்டார்.

அக்டோபர் 4, சனி

நாற்று பிடித்துவிட்டது. போன வருடம் இந்த நேரத்தில் கால்வாசி கருகிவிட்டதாம். நான் பதினேழு கருகல் திட்டு எண்ணினேன். அக்கா ஒன்பது என்கிறார். மீதி எட்டும் என் பயம் என்கிறார்.

அக்டோபர் 23, வியாழன்

இரண்டாவது நாளாக மழை விடவில்லை. இங்கே கொட்டகைக் கூரையில் கொட்டும் சத்தத்தில் போனில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. அக்காவுக்கு நாலு தடவை போன் போட்டேன். ஐந்தாவது தடவை எடுத்து, “வயல்லதான் நிக்கிறேன், வையி” என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 25, சனி

பஸ் ஓடத் தொடங்கியதும் போனேன். மழை வெறித்திருந்தது. சுற்றிலும் வயல்கள் குளமாகக் கிடந்தன. எங்கள் ஏக்கரில் பயிர் முழங்காலளவு தலைதூக்கி நின்றது. தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடைக்கு ஓடியது. வாய்க்கால் கரை உடைந்த இடத்தில் அருள்சாமியும் சவரிமுத்துவும் இடுப்பளவு சேற்றில் நின்று மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடொருவர் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தார்கள், மூட்டையை எந்தப் பக்கம் வைப்பது என்று.

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அக்கா மட்டும் வந்து, “வெறும் வயித்தோட வந்தியா?” என்று கேட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

கதிர் வெளிவரும் பருவம். ஒரு டி.வி.எஸ். வண்டி வரப்போரமாக வந்து நின்றது. பொன்னுரங்கம். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வருவார் என்று நம்பவில்லை.

வயலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அக்கா கூடவே நடந்து எதையெதையோ காட்டினார். நான் மடையோரமாகவே நின்றுகொண்டேன். அவர் ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு வாய்க்காலில் இறங்கிக் காலால் அளந்தார்.

“எத்தன அடி?”

“ரெண்டரைங்க.”

“எங்க ஊர்ல மூணு வெட்டணும். சரிவு கம்மி.”

 வண்டியை உதைத்துக் கிளப்பிய பிறகு, “டிசம்பர் கடைசியில ஆள் வச்சு வெட்டிர்றேன். நீங்க வந்து மட்டம் பாத்துக் குடுங்க” என்றார்.

வருகிறேன் என்றேன். வரும் வழியில் அக்கா, “மூஞ்சி ஏன் இப்பிடி மின்னுது?” என்றார். வெயில் என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

அக்கா பேசினாள், என் சொந்த அக்கா. சென்னை வேலைக்கு இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சேரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

“இன்னும் அறுப்பே ஆகலையே, தில்லை. இருவது மூட்டை வரலன்னா?”

“வரலன்னா ஏன் வரலன்னு பாப்பேன்.”

 “முன்னாடியெல்லாம் நீ, வரும்னு மட்டும்தான் சொல்லுவ” என்றாள்.

டிசம்பர் 29, திங்கள்

மேலக்கொத்தூர். காலையிலிருந்து மட்டம் பார்த்தோம். மூன்று அடி. இன்று நாற்காலி போட்டார்கள். உட்காரத்தான் நேரமில்லை.

ஜனவரி 8, வியாழன்

இன்று அறுத்தோம்.

மிஷின் வேண்டாம், கையாலேயே அறுக்கலாம் என்றார் சகாயமேரி அக்கா. காரணம் கேட்டதற்கு, “ஈரம் இருக்கு, வண்டி அமுங்கும்” என்றார். ஈரம் ஒன்றும் அவ்வளவு இல்லை. விவாதிக்கவில்லை.

காலை ஆறரைக்கு இறங்கியவர்கள் பதினொன்றுக்கெல்லாம் கட்டு கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நெல்லை அடித்துத் தூற்றி முடிக்கும்போது சுப்புரத்தினம் தராசோடு தானே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மூட்டையும் அறுபது கிலோ, அவர் கண் முன்னால்.

பத்தாவது மூட்டையில் சகாயமேரி அக்கா, “போன வருசத்தத் தாண்டியாச்சு” என்றார். பதினைந்தில் ஜாகிர் பாய் வந்து சேர்ந்தார், பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பதினெட்டில் குவியலைப் பார்த்தேன். சின்னதாகத் தெரிந்தது. அதன் பிறகு நான் குவியலைப் பார்க்கவில்லை, தராசு முள்ளை மட்டும் பார்த்தேன்.

இருபது. சுப்புரத்தினம் எழுதிக்கொண்டார், நிமிரவில்லை. இருபத்தொன்று. இருபத்திரண்டு. சவரிமுத்து பீடியை அணைத்துவிட்டு மூட்டை பிடிக்க வந்தார். இருபத்தைந்தில் பெண்களெல்லாம் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். இருபத்தேழு மூட்டையும் ஒரு சாக்கில் பாதியும்.

“இருவத்தேழரைன்னே எழுதுங்க” என்றார் அருள்சாமி. இவ்வளவு உரக்க அவர் பேசி நான் கேட்டதில்லை.

சுப்புரத்தினம் நோட்டை மூடினார். “எங்கள வந்து தொந்தரவு பண்ணலாம்மா” என்றார்.

ஜாகிர் பாய் நெல்லில் ஒரு பிடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் காட்டுவாராம். என் காலில் களத்து மண்ணும் தலையில் வைக்கோலுமாக பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர், “அறுப்பா?” என்றார். “ஆமா, எங்க வயல்ல” என்றேன். எங்க வயல் என்று வந்துவிட்டது. திருத்தவில்லை.

ஜனவரி 24, சனி

குழுக் கூட்டம், ஊர்ச் சமுதாயக் கூடத்தில். எழுபது பேருக்குமேல். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள், பொன்னுரங்கமும். நான் இரண்டு நாள் உட்கார்ந்து பேச்சு தயார் செய்திருந்தேன். கார அளவு, சோடியம், வடிகால், எல்லாம் எளிய தமிழில்.

இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். “நெல்லு வந்துச்சு, சரி. களரத் தாங்குற ரகம் போட்டீங்க, அது வரத்தான் செய்யும். மண்ணு மாறிருச்சுன்னு எப்பிடிச் சொல்றீங்க?”

நல்ல கேள்வி. மீட்டர் அளவைச் சொல்லத் தாளைப் புரட்டினேன்.

சகாயமேரி அக்கா எழுந்துவிட்டார். “தாளெல்லாம் இருக்கட்டும் தில்லை. ஏங்க, வயலு கூப்பிடு தூரம். வந்து கால வச்சுப் பாருங்க.” சொல்லிவிட்டு நடந்தார். முன்வரிசை எழுந்தது, பிறகு எல்லோரும். நாற்காலிகளுக்கு நடுவில் நான் மட்டும் தாளோடு நின்றேன். பிறகு ஓடினேன்.

அறுத்த நெல்தாள் மட்டும் நிற்கிற வயல் என்று நினைத்துப் போனால், தாளுக்கு நடுவே பச்சை. வயல் முழுக்க, மூலைவரைக்கும், அந்த அப்பள மூலையிலும். உளுந்து. நாலு விரல் உயரத்தில் இலை விரித்து நின்றது.

“யாரு வெதச்சது?”

“நான்தான். அறுப்புக்கு ஒம்பது நாள் முன்னாடி, நிக்கிற பயிருக்குள்ளயே.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையேக்கா.”

“சொல்லியிருந்தா மீட்டரத் தூக்கிட்டு வந்து, இன்னும் எட்டரை இருக்கு, உளுந்து தாங்காதுன்னிருப்ப.”

அப்படித்தான் சொல்லியிருப்பேன். அறுப்பன்று நான் நெல்லைத் தவிர எதையும் பார்க்கவில்லை. முளையை நசுக்கிவிடும் என்றுதான் மிஷின் வேண்டாம் என்றார் என்பதும் இப்போதுதான் விளங்கியது.

ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். கேள்வி கேட்டவர் குனிந்து ஒரு செடியை மெதுவாக, மண்ணைக் கிளறிப் பிடுங்கினார். களர் நிலத்தில் வேர் இரண்டு அங்குலம்கூடப் போகாது, திரும்பிக்கொள்ளும். இது விரல் நீளத்துக்கு நேராக இறங்கியிருந்தது. அவர் அதைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். அவர் சவரிமுத்துவிடம். சவரிமுத்து பொன்னுரங்கத்திடம். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது இலையெல்லாம் கசங்கிவிட்டது. வேர் மட்டும் முழுசாக இருந்தது.

அக்கா வாய்க்கால் கரையில் ஏறி நின்று, எத்தனை அடி வெட்ட வேண்டும், எத்தனை தடவை தண்ணீர் கட்ட வேண்டும், எந்த நிறம் வந்தால் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தயார் செய்த பேச்சைவிட நன்றாக இருந்தது. இரண்டு இடத்தில் எனக்கே தெரியாததைச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

கல்லுக்குருணை கேட்கிறவர்கள் பேர் எழுத நோட்டு வேண்டும் என்றார் சுப்புரத்தினம். கையில் இதுதான் இருந்தது. பின்பக்கத் தாள்களைக் கிழித்துக் கொடுத்தேன். ஒன்று போதவில்லை, இன்னொன்று. பிறகு இன்னும் இரண்டு.

நாற்பத்து மூன்று பேர். அறுபத்தோரு ஏக்கர். இந்த நோட்டில் இனி எழுத இடமில்லை.